முப்பாட்டனைத் தேடல்: மட்டக்களப்புக் குடிமுறையும் காணி உறுதிகளும்

மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரையில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த என் முப்பாட்டனார் (தந்தையின் பாட்டனாருக்குத் தந்தை) பெருநிலம் ஆண்ட போடியார் என்பது எங்கள் குடும்பத்தில் வழங்கும் பெருமைக் கதை. அவரைத் தேடப் புகுந்தபோது முதலில் எதிர்ப்பட்ட தடை ஆவணப் பஞ்சமன்று, இப்பிரதேசத்தின் உறவுமுறையே.

இங்கு ஒருவருடைய குடி தாயினின்றே வருவது. ஒரே வயிற்றுவாரினர் தமக்குள் மணஞ்செய்வதில்லை. மணமான ஆடவன் மனைவியின் வீடு புகுவான். ஆதலின் தந்தைவழியிற் பின்னோக்கிச் செல்பவன், தலைமுறைதோறும் வேறொரு வீட்டையும் பெரும்பாலும் வேறொரு குடியையும் நாடவேண்டியவனாகிறான். "அவர் எந்தக் குடி?" என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் வினவியபோது நான் விடையின்றி நின்றேன். என் தாயின் குடியையோ, கோயிற் சடங்கில் அதற்குரிய முறையோடு சேர்த்து அவரே எனக்குச் சொன்னார்.

அரச ஆவணங்கள் இதற்கு மாறானவை. 1814இல் வில்லியம் ஓல்ட் வந்ததன் பின் எழுந்த மெதடிஸ்த சபையின் ஏடுகள் கிறித்தவர்க்கே உரியன. 1867ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்வழி வந்த பிறப்பு, இறப்புப் பதிவோ குடியை அறியாது. முதுசத்தைச் சகோதரியின் பிள்ளைகளுக்கு உரித்தாக்கிய முக்குவர் சட்டத்தைக் கிறிஸ்தோபர் பிரிற்றோ நூலாக்கியது 1876இல். அதே ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதனை வழக்கிழக்கச் செய்தது. காணியைத் தனியார் உடைமையாகவும் விற்பனைப் பொருளாகவும் காணும் குடியேற்ற ஆட்சிக்கு, மருமக்கள் உரிமை இடையூறாகவே தோன்றியிருக்கும் என்பது என் கருத்து. எனினும் தாய்வழி முற்றாக அழிந்துவிடவில்லை. அது சீதனத்துட் புகுந்து, மகளுக்கு எழுதப்படும் வீடாகவும் வயலாகவும் தொடர்ந்தது.

எனவே தேடவேண்டிய இடம் ஆண்மக்களின் வீடன்று, பெண்மக்களின் வீடே என்பது பிந்தித்தான் எனக்கு விளங்கிற்று. வீட்டுப் பெட்டகங்களில் இருந்த உறுதிகள் பல 1978ஆம் ஆண்டுச் சூறாவளியிலும், போர்க்கால இடப்பெயர்வுகளிலும், 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையிலும் அழிந்துபோயின. தப்பியதொன்று முப்பாட்டனாரின் மகள்வழிச் சந்ததியினர் வீட்டிற் கிடைத்தது: 1880களில் எழுதப்பட்ட சீதன உறுதி. அதிற் காணியைக் கொடுப்பவள் முப்பாட்டி. தன் தாயினிடமிருந்து பெற்றதென அதனை அவளே கூறுகிறாள். பெறுபவள் அவள் மகள். நாற்றிசை எல்லைகளுள் இரண்டு வேறு பெண்களின் பெயரால் அமைந்தவை. "போடியார்" சாட்சிகளுள் ஒருவராக, கீழே, புள்ளடியிட்டுள்ளார்.

கதையை நம்பியிருந்த என் சிற்றப்பாவுக்கு இதனைப் படித்துக் காட்டியபோது, அவர் உறுதியை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வயலைச் செய்தது அவர்தானே?" என்றார். அதுவும் முழுதும் சரியன்று. செய்தவர்கள் முல்லைக்காரர்கள். உறுதியில் எல்லையாகவேனும், சாட்சியாகவேனும் அவர்களுள் ஒருவர் பெயரும் இல்லை. அவர்கள் பேரப்பிள்ளைகள் எந்தப் பெட்டகத்தைத் திறப்பார்கள்?