தென்காசி: சிற்றாற்றங்கரை நகரின் வரலாறு

தென்காசி, மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் சிற்றாற்றின் கரையில் அமைந்த கோயில் நகரம். 15ஆம் நூற்றாண்டில் பிற்காலப் பாண்டியரின் தலைநகரானது. 2019 நவம்பர் 22 முதல் தென்காசி மாவட்டத்தின் தலைநகராக இருக்கிறது. இதற்குத் தென்மேற்கே ஏறத்தாழ 5 கி.மீ. தொலைவில் குற்றாலம் உள்ளது. ஆட்சிக் கணக்கில் ஒன்று நகராட்சி, மற்றது பேரூராட்சி. ஆனால் அருவியாக விழும் தண்ணீர்தான் ஆறாகி நகரைக் கடக்கிறது என்பதால் இரண்டின் வரலாற்றையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

சித்ரா நதி என்றும் வழங்கும் சிற்றாறு, குற்றாலத்துக்கு மேலே திரிகூடமலையில் பிறக்கிறது. தேனருவி, செண்பகாதேவி அருவி என மலைக்குள்ளேயே விழுந்து இறங்கி, ஊருக்குள் பேரருவியாகக் கொட்டுகிறது. பேரருவியின் பாதிப் பாறையில் பொங்குமாகடல் என்னும் ஆழ்ந்த பள்ளம் உண்டு. மேலிருந்து வரும் வெள்ளத்தின் வேகத்தை அது வாங்கிக்கொள்வதால்தான் கீழே மனிதர்கள் நின்று குளிக்க முடிகிறது. ஐந்தருவி ஆறு, அரிகர நதி, குண்டாறு, அனுமன் நதி முதலியவற்றைச் சேர்த்துக்கொண்டு கிழக்கே ஓடும் சிற்றாறு, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. முக்கூடற்பள்ளு பாடும் முக்கூடல் அந்த இடமே.

மலைக்குக் கிழக்கே இருந்தும் இப்பகுதிக்குத் தென்மேற்குப் பருவக்காற்றின் பயன் கிடைக்கக் காரணம் ஆரியங்காவுக் கணவாய். மலைத்தொடர் தாழ்ந்து வழிவிடும் அந்த இடைவெளியில் ஜூன் முதல் செப்டம்பர் வரை குளிர்காற்று புகுந்து வருகிறது; மலையுச்சியில் பெய்யும் மழையின் தூறலையும் கொண்டுவருகிறது. இதற்குச் சாரல் என்று பெயர். சாரல் காலத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே தூறல் விழும். சற்று நேரத்தில் மறுபடி வெயில் வரும். நகரைக் கால்நடையாகச் சுற்றிப் பார்க்க ஏற்ற பருவம் இதுவே.

ஆற்றோரக் குடியேற்றம் நகரத்தைவிட மிகப் பழையது. சிற்றாற்றின் குறுக்கே 17 அணைக்கட்டுகள் உள்ளன. குற்றாலத்தை ஒட்டிய தலையணை முதலாவது. அடிவட்டான்பாறை, பாவூர், வீராணம், மானூர், உக்கிரன்கோட்டை எனத் தொடர்ந்து கங்கைகொண்டானில் முடிகிறது. ஒவ்வோர் அணையிலிருந்தும் கால்கள் பிரிந்து குளங்களை நிரப்ப, குளங்கள் வயலுக்குப் பாய்கின்றன. உக்கிரன்கோட்டை, முற்காலப் பாண்டியர் கல்வெட்டுகளில் கரவந்தபுரம் எனப்படும் கோட்டை நகரம். மானூரில் கி.பி. 800ஐ ஒட்டிய மாறஞ்சடையன் காலக் கல்வெட்டு, ஊர்ச் சபையில் உறுப்பினராவதற்குரிய தகுதிகளை வரையறுக்கிறது. புகழ்பெற்ற உத்திரமேரூர்க் கல்வெட்டுகளுக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் முந்தைய இந்த ஆவணத்துக்கு அதற்குரிய கவனம் இன்னும் கிடைக்கவில்லை. தண்ணீரைப் பங்கிட்டு வாழ்ந்த ஊர்களுக்கு விதிமுறை வகுத்த சபை தேவைப்பட்டதில் வியப்பில்லை.

இக்கல்வெட்டின் காலத்துக்கு முன்பே குற்றாலம் பாடல் பெற்ற தலமாகிவிட்டது. 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர், குற்றாலத்துக்கு ஒரு பதிகமும் அங்குள்ள குறும்பலாவுக்கு ஒரு பதிகமும் பாடினார். பேரருவியின் அருகே சங்கு வடிவில் அமைந்திருப்பது திருக்குற்றாலநாதர் கோயில். அம்மன் பெயர் குழல்வாய்மொழி. திருமால் கோயிலாக இருந்ததை அகத்தியர் சிவன் கோயிலாக்கினார் என்பது தலபுராணம். கோயிலிலிருந்து சற்றுத் தள்ளித் தெப்பக்குளத்தருகே சித்திர சபை நிற்கிறது. நடராசரின் ஐந்து சபைகளில் இது மட்டும் ஓவியத்தாலானது. சிலைக்குப் பதிலாகச் சுவரோவியமே வழிபடப்படுகிறது; உட்சுவர் முழுவதும் புராணக் காட்சிகள் நிறைந்திருக்கின்றன. அருவிக்கு வருவோரில் பலர் இதைப் பார்க்காமலே திரும்பிவிடுவது பெரிய இழப்பு.

தென்காசியின் எழுச்சிக்குப் பின்னால் மதுரையின் வீழ்ச்சி இருக்கிறது. 1311இல் மாலிக் கபூரின் படையெடுப்பு, பிறகு மதுரை சுல்தான்கள் ஆட்சி, அதன்பின் விசயநகரப் படைகளின் வருகை ஆகியவற்றால் பாண்டியர் தம் தொன்மையான தலைநகரை இழந்து தெற்கே ஒதுங்கினர். அந்த மரபில் 1422இல் பட்டத்துக்கு வந்தவன் சடையவர்மன் பராக்கிரம பாண்டியன். அரிகேசரி என்ற பெயரும் இவனுக்கு உண்டு. வடக்கே காசிக்குப் போக முடியாத தென்னாட்டவர்க்காக, 1446இல் சிற்றாற்றங்கரையில் விசுவநாதருக்குக் கோயில் எடுக்கத் தொடங்கினான். இறைவன் கனவில் தோன்றி இடம் காட்டினார் என்பது கோயில் மரபு. இக்கோயிலுக்காகக் கொண்டுவந்த சிவலிங்கம் நகர மறுத்து நின்ற இடமே சிவகாசி என்றும் ஒரு கதை வழங்குகிறது.

1457இல் ராஜகோபுரப் பணி தொடங்கியது. அது நிறைவடைவதற்குள் 1463இல் பராக்கிரமனின் ஆட்சி முடிந்துவிட, தம்பி குலசேகர பாண்டியன் பணியைத் தொடர்ந்தான். பராக்கிரமன் கோயிலில் பொறித்துவைத்த தமிழ்ப் பாடல்கள் தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளிலேயே தனித்தன்மை வாய்ந்தவை. அழிப்பவரைச் சபித்து முடிப்பது கல்வெட்டுகளின் பொது வழக்கம். இம்மன்னனோ, கோயிலில் பழுது நேரும்போது அதைச் சீர்செய்து காப்பவர் யாராயினும் அவர் காலில் தான் விழுவதாகச் சொல்கிறான். தலைநகரையே இழந்த குலத்தில் பிறந்தவனுக்குக் கட்டடத்தின் ஆயுள் பின்வருவோரின் கையில் இருப்பது நன்றாகத் தெரிந்திருந்தது.

அவன் அஞ்சியது நடந்தது. பிற்காலத்தில் கோபுரம் தீக்கிரையாகிச் சிதைந்து, பிளந்த மொட்டைக் கோபுரமாக நெடுங்காலம் நின்றது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பொதுமக்கள் நன்கொடையுடன் அதை மீட்டெடுக்கும் பணி நடந்தது. இதில் பத்திரிகை அதிபர் பா. சிவந்தி ஆதித்தனார் முன்னின்றார். 9 நிலைகளும் ஏறத்தாழ 180 அடி உயரமும் கொண்ட புதிய கோபுரத்துக்கு 1990இல் குடமுழுக்கு நடந்தது. அண்மைக் குடமுழுக்கு 2025 ஏப்ரலில் நிகழ்ந்தது.

தென்காசிப் பாண்டியரின் நாடு சிறியது. விசயநகருக்கும் பின்னர் மதுரை நாயக்கருக்கும் அடங்கியது. படைவலியில் பெற முடியாததை அவர்கள் தமிழில் பெற்றார்கள். அதிவீரராம பாண்டியன் (ஆட்சி 1564–1604) நைடதமும் காசி காண்டமும் கூர்ம புராணமும் பாடினான்; நீதிநூலான வெற்றிவேற்கையும் இவனுடையது. அவனோடு ஆட்சியைப் பகிர்ந்த வரதுங்கராம பாண்டியன் பிரமோத்தர காண்டம் இயற்றினான். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இம்மரபு மங்கி மறைந்தது. மதுரையில் சங்கம் வளர்த்ததாகப் போற்றப்படும் பாண்டியரின் கடைசிக் கிளை, புலவர்களாகவே முடிந்தது எனலாம்.

அடுத்த நூற்றாண்டில் இலக்கியத்தின் மையம் ஆற்றின் மேற்புறம் நகர்ந்தது. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையிலுள்ள மேலகரத்தில் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சியைப் பாடினார். மதுரை நாயக்க மன்னன் விசயரங்க சொக்கநாதன் (1706–1732) இதற்காக அவருக்கு அளித்த நிலம் குறவஞ்சி மேடு எனப் பெயர் பெற்றது. மலைவளம் பற்றிய அதன் பாடல்களைப் பள்ளியில் மனப்பாடம் செய்த பலருக்குக் குற்றாலம் நேரில் பார்க்கும் முன்பே பழகிய ஊராகிவிடுகிறது.

கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் குற்றாலம் ஐரோப்பிய அதிகாரிகளின் கோடை வாசத்தலமானது. ஜாதிக்காய், கிராம்பு, லவங்கப்பட்டைத் தோட்டங்கள் போடப்பட்டன. ஆங்கில ஓவியர்களான தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் 1792இல் இங்கு வந்தனர். அருவிக்கரையில் இன்றும் சாரல் காலத்தில் விற்கும் மங்குஸ்தானும் துரியனும் இம்மலைத் தோட்டங்களின் விளைச்சலே.

1903இல் திருநெல்வேலியிலிருந்து தென்காசி வழியாகச் செங்கோட்டைக்கு ரயில் வந்தது. மறு ஆண்டு அது மலையைக் குடைந்து கொல்லத்தை எட்டியது. 1927இல் விருதுநகர்ப் பாதையும் சேர்ந்ததும் தென்காசி சந்திப்பு நிலையமானது. அதன்பின் அருவிக்கு வெளியூர்க் கூட்டம் பெருகியது. திருவாங்கூரைச் சேர்ந்திருந்த செங்கோட்டை 1956 நவம்பர் 1இல் சென்னை மாநிலத்தோடு இணைந்தபின், எல்லை மலையை நோக்கித் தள்ளிப்போயிற்று.

தென்காசியில் 1927இல் தொடங்கிய திருவள்ளுவர் கழகம் குறள் பரப்பும் பணியைத் தொடர்கிறது. குற்றாலத்தில் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் தம் கடைசி ஆண்டுகளைக் கழித்தார், 1954இல் மறைந்தார். கல்கியும் ராஜாஜியும் அவர் நண்பர்கள். கவிதையை உரக்கப் படித்து, நிறுத்தி, ரசித்துக் காட்டும் அவருடைய முறை ஒரு தலைமுறையின் வாசிப்பையே மாற்றியது.

இன்று நகரைச் சுற்றுபவர் யானைப்பாலத்தில் தொடங்கினால் சிற்றாற்றைப் பார்த்துக்கொண்டு ரத வீதிகளுக்குள் நுழையலாம். எந்த வீதியிலிருந்தும் கோபுரம் தெரியும். கோபுர வாசலில் காற்று எதிரே வந்து தள்ளுவதை யாரும் உணராமல் போவதில்லை. கணவாயின் அருகாமைதான் அதற்குக் காரணம். உள்ளே வீரபத்திரர், ரதி, மன்மதன் முதலிய ஆளுயரச் சிற்பங்கள் ஒவ்வொன்றும் ஒரே கல்லில் செதுக்கியவை. விரல் நகமும் அணியின் முடிச்சும்கூட விட்டுப்போகாத வேலைப்பாடு, வறிய அரசொன்றின் கோயில் இது என்பதை நம்பவிடாது. உலகம்மன் சன்னிதி தனியே உள்ளது.

சாரல் காலத்தில் அரசு நடத்தும் சாரல் விழாவின்போது குற்றாலத்தில் நெரிசல் உச்சத்தை அடைகிறது. மலையில் மழை பெய்தால் அருவியில் நொடிப்பொழுதில் காட்டாற்று வெள்ளம் வரும். 2024 மே 17இல் பழைய குற்றாலம் அருவியில் வந்த திடீர் வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைப் பறித்தது. நீர்வரத்து மிகும்போது குளிக்கத் தடை விதிப்பது இதனால்தான். அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு பயன்படுத்த உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை விதித்தது. அங்கே கலக்கும் அழுக்கு தலையணையைத் தாண்டித் தென்காசிக்கும், அதற்குக் கீழுள்ள அணைக்கட்டுகள் வழியாக வயல்களுக்கும் குளங்களுக்கும் போய்ச் சேருகிறது.