கூத்தராற்றுப்படையும் மாணவர் திரைப்பட விழாவும்

மலைபடுகடாத்திற்குக் கூத்தராற்றுப்படை என்றும் ஒரு பெயர் உண்டு. பரிசில் பெற்று மீளும் கூத்தன் ஒருவன், பெறாத கூத்தனைச் செங்கண்மாவிலிருந்த நன்னனிடம் ஆற்றுப்படுத்துகின்றான். செங்கண்மா இன்றைய செங்கம். பாட்டில் வரும் சேயாறு சவ்வாது மலையில் தோன்றுவது. 583 அடிகளையுடைய அப்பாட்டில் பெரும்பகுதி வழியைப் பற்றியதேயாம். பன்றிக்கு வைத்த பொறி, பரணிலிருந்து பாயும் கவண்கல், வழுக்கும் பாறை என இடையூறுகளை ஒவ்வொன்றாகக் கூறி எச்சரிப்பவன் புரவலன் அல்லன். அவ்வழியே நடந்து வந்த மற்றொரு கலைஞனே.

மாணவர் தாமே நடத்தும் திரைப்பட விழாக்களின் வரலாற்றை யாம் இக்கண்கொண்டே நோக்குகின்றோம். அவற்றை மேனாட்டுப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவாரும் உளர். விழாவின் அமைப்பு வெளியிலிருந்து வந்தது என்பது மெய்யே. அதன் உள்ளீடு நமக்குப் புதிதன்று.

கிழக்குச் செருமனியின் பாபெல்ஸ்பெர்க் திரைப்படக் கல்லூரியில் மாணவர் திரைப்பட நாள்கள் 1972-இல் தொடங்கின. ஆளுங்கட்சியின் இளைஞர் இயக்கமே அன்று புரவலராக நின்றது. 1990-இல் அந்நாடு மறைந்தது, புரவலரும் மறைந்தனர். 1995-இல் மாணவர்கள் புதுப்பெயர் சூட்டி விழாவை மீட்டனர். அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழகத்தில் 2001-இல் மாணவர் தொடங்கிய ஐவி திரைப்பட விழாவிலோ விழாவை நடத்துவோரும் மாணவர், படம் எடுத்தோரும் மாணவர். நன்னனும் கூத்தனும் ஒருவரேயாகிய விந்தை இது!

தமிழ்நாட்டில் பயிற்சி முந்திற்று; அரங்கு பிந்திற்று. சென்னையில் திரைத்தொழிற் பயிற்சி பாலிடெக்னிக்கின் ஒரு பிரிவாக 1945-இலேயே தோன்றியது. 1959-இல் சத்யஜித் ராய் தலைமையில் இந்தியத் திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பு உருவானபொழுது, சென்னைச் சங்கமும் பல்கலைக்கழக நகராகிய ரூர்க்கியின் சங்கமும் அதில் இடம்பெற்றன. ஆயினும் அச்சங்கங்கள் உலகின் நற்படங்களைக் காண்பதற்கென எழுந்தவை. மாணவன் தான் எடுத்ததைக் காட்டுவதற்கென எழுந்தவை அல்ல. 1986-இல் ஆபாவாணன் எழுதித் தயாரிக்க, அரவிந்தராஜ் இயக்க, திரைப்படக் கல்லூரியில் பயின்றோர் ஆக்கிய 'ஊமை விழிகள்' வெளிவந்தது. அவர்கள் நாடியதும் வணிகக் கொட்டகையையே. அதனைக் குறையென்று கூறோம்; வேறு வாயில் அன்று அரிதாயிருந்தது.

இன்று ஜமுனாமரத்தூரிலிருந்து கல்லூரிக்கு இறங்கிவரும் மாணவன் கைப்பேசியிலேயே படம் எடுத்தல் கூடும். ஆனால் மலைக்காற்றில் பேச்சொலி கெடும். மாலை வெயில் மேட்டுக்குப் பின்னே விரைந்து மறையும். முற்பகல் எடுத்த காட்சியோடு பிற்பகற் காட்சி ஒட்டாது. இவற்றைச் சென்ற ஆண்டு அதே பிழை செய்த ஒருவன் சொன்னால் கேட்பவன் நாணான். புகழ்பெற்ற நடுவர் சொன்னால் நாணுவான். அடுத்த படம் எடுக்காமலும் விடுவான். இதனை வகுப்பறையில் யாம் பன்முறை கண்டுள்ளோம். ஆகவே, பரிசளிப்பினும் படம் முடிந்தபின் நிகழும் உரையாடலுக்கே மாணவர் விழா மிகுதியான பொழுதை ஒதுக்குதல் வேண்டும் என்பது எம் கருத்து. மலைபடுகடாத்திலும் நன்னன் தந்த பரிசிலைப் பற்றிய அடிகள் சிலவே.