ஒரு கிலோமீட்டர் கோடு

ஒரு கிலோமீட்டர் எவ்வளவு தூரம்? கோவை கிராஸ்கட் ரோட்டில் வெயிலைத் திட்டிக்கொண்டே, கடை கடையாக வேடிக்கை பார்த்தபடி நடந்தால்கூட கால் மணி நேரத்தில் கடந்துவிடலாம். இந்தக் கால் மணி நேர தூரத்தை வைத்துத்தான் கொங்கு நாட்டில் ஓர் ஆற்றின் தலையெழுத்தையே மாற்றிவிடலாம் என்று நினைத்தார்கள்.

1989, மார்ச் 30. தமிழக அரசின் சுற்றுச்சூழல் மற்றும் வனத்துறை ஓர் அரசாணை போட்டது. எண் 213. ஆறு, ஓடை, அணை ஆகியவற்றின் கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் கடுமையாக மாசுபடுத்தும் தொழில் எதையும் புதிதாகத் தொடங்கக் கூடாது. இதுதான் சாரம். கூடவே 14 வகைத் தொழில்களின் பட்டியல். சாராய ஆலை, தோல், ஜவ்வரிசி, சர்க்கரை, காகிதம் என்று நீண்ட அந்தப் பட்டியலில் சாயப்பட்டறையும் உண்டு.

படித்தால் கைதட்டத் தோன்றும். ஆனால், அந்த ஆணைக்குள் ஒரு சின்ன வார்த்தை உட்கார்ந்திருந்தது. 'புதிதாக'.

அப்படியென்றால் ஏற்கெனவே கரையில் இருப்பவர்கள்? அவர்கள் யாரும் விண்ணப்பம் போடவில்லை, வரிசையில் நிற்கவில்லை. கேட்காமலேயே அவர்களுக்கு விதிவிலக்கு கிடைத்துவிட்டது!

கொஞ்சம் ஆற்றைப் பார்த்துவிட்டு வருவோம்.

வெள்ளியங்கிரி மலையில் பிறக்கிறது நொய்யல். பழைய பெயர் காஞ்சிமாநதி. பேரூர் பட்டீஸ்வரரைத் தொட்டுக்கொண்டு, கோவையின் குளங்களை நிரப்பி, திருப்பூர் வழியாகச் சுமார் 180 கிலோமீட்டர் ஓடி, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற ஊருக்குப் பக்கத்திலேயே காவிரியில் கலக்கிறது. சென்னிமலைக்கு மேற்கே இதன் வடகரையில்தான் கொடுமணல். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே கல்மணி அறுத்து மெருகேற்றியவர்கள், இரும்பு உருக்கியவர்கள் வாழ்ந்த ஊர். ஆற்றங்கரையில் தொழில் என்பது கொங்கு நாட்டுக்குப் புதுசே இல்லை.

புதுசாக வந்தது உப்பு.

பனியன் துணிக்குச் சாயம் ஏற்ற வேண்டுமென்றால் சாயத்தொட்டியில் உப்பைக் கொட்ட வேண்டும். அப்போதுதான் சாயம் தண்ணீரை விட்டுவிட்டு நூலைப் போய்ப் பிடிக்கும். வேலை முடிந்ததும் சாயம் துணியோடு போய்விடும்; உப்பு? ஒரு கிராம்கூடக் குறையாமல் தண்ணீரிலேயே நிற்கும். நிறத்தை எடுத்துவிடலாம், நாற்றத்தைப் போக்கிவிடலாம். கரைந்த உப்பைச் சாதாரண சுத்திகரிப்பால் பிரிக்க முடியாது. கண்ணாடி மாதிரி தெளிந்து ஓடும் தண்ணீர், வாயில் வைத்தால் கரிக்கும். பயிருக்கு விட்டால் கருக்கும்.

திருப்பூரில் 1981-ல் எழுபதுக்கும் குறைவாக இருந்த சாய, சலவைப் பட்டறைகள், 1997-ல் எண்ணூறைத் தாண்டின. அரசாணை வந்தது 1989-ல் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அத்தனையும் கோட்டுக்குள் வந்தவை என்று சொல்ல வரவில்லை. கோடு கிழித்த பிறகும் எண்ணிக்கை ஏறிக்கொண்டேதான் இருந்தது, அவ்வளவுதான்.

ஒவ்வொரு பட்டறைக்காரரிடமும் ஒரே கேள்விதான் இருந்தது. "ஏனுங்க, என்ற ஒத்தைப் பட்டறையாலயா ஆறு கெட்டுப் போயிருமுங்க?"

நியாயமான கேள்வி மாதிரிதான் தெரியும். அவர் பட்டறையை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால், ஆறு கெட்டுப் போகாது என்றுகூட வாதாடலாம். வாரியத்தின் மேஜையில் வரும் ஒவ்வொரு விண்ணப்பமும் இப்படித்தான், தனியாக வரும். தனியாகப் பரிசீலிக்கப்படும். காமர்ஸ் படித்தவர்களுக்கு இதன் ஆபத்து சட்டென்று புரியும். ஒவ்வொரு வவுச்சரும் தனியாகப் பார்த்தால் சின்னத் தொகைதான். வருஷக் கடைசியில் பேரேட்டைக் கூட்டும்போதுதான் கம்பெனி திவாலானது தெரியும்!

நொய்யலின் பேரேட்டைக் கூட்டிக் காட்டியது, ஒரத்துப்பாளையம் அணை.

திருப்பூருக்குக் கீழே, சென்னிமலை வட்டாரத்தில், ஈரோடு, கரூர் பகுதிகளின் பாசனத்துக்காகக் கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டிய அணை. 1992-ல் பயன்பாட்டுக்கு வந்தது. ஆற்றில் எது வந்ததோ அதைத்தானே அணை தேக்கும்? மழைத்தண்ணீரோடு சாயக்கழிவும் வந்து நின்றது. சில வருஷங்களிலேயே சுற்றுவட்டாரக் கிணறுகள் கெட்டன. தென்னை காய்ந்தது. அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. 'எங்களுக்குத் தண்ணீர் திறந்துவிடுங்கள்' என்று போராடும் விவசாயிகளைத்தான் நாம் பார்த்திருக்கிறோம். இங்கே விவசாயிகள், 'தயவுசெய்து அணையில் தண்ணீர் தேக்காதீர்கள்' என்று கேட்டார்கள்!

வழக்கு 1996-லேயே உயர்நீதிமன்றத்துக்குப் போய்விட்டது. அதே வருஷம் ஆகஸ்ட் 28-ம் தேதி, வேலூர் தோல் தொழிற்சாலைகள் வழக்கில் உச்சநீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு, நம்முடைய 213-ம் எண் ஆணையைக் கையிலெடுத்து, தடை செய்த எல்லைக்குள் புதிதாக எதையும் அனுமதிக்காதே என்று கறாராகச் சொன்னது. ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களையும் ஆராய்ந்து, தேவைப்பட்டால் இடம் மாற்றச் சொல்லலாம் என்றது. அந்த 'புதிதாக' என்ற வார்த்தைக்குப் பின்னால் ஒளிந்திருந்தவர்களுக்கு முதல் அடி. 1998 மே மாதம் அரசு இன்னொரு ஆணை போட்டது. காவிரி, அதன் கிளை நதிகள், பாலாறு, பெண்ணையாறு, வைகை, தாமிரபரணி ஆகியவற்றுக்குக் கோடு ஒரு கிலோமீட்டரிலிருந்து ஐந்து கிலோமீட்டராக நகர்ந்தது.

சரி, கோடு போட்ட அரசாங்கமே, 'இந்த ஒருத்தருக்கு மட்டும் விலக்கு' என்று சொன்னால்?

இந்தக் கேள்விக்கு நேரடி விடை கிடைத்தது ஹைதராபாத்தில். அந்த நகரத்துக்குக் குடிநீர் தரும் இரண்டு ஏரிகள், உஸ்மான் சாகரும் ஹிமாயத் சாகரும். 1908-ல் மூசி நதியில் வந்த பெருவெள்ளத்துக்குப் பிறகு உருவானவை. இவற்றைச் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்கு மாசுபடுத்தும் தொழில்களுக்கு அப்போது தடை இருந்தது. அதற்குள் ஓர் எண்ணெய் நிறுவனம் இடம் வாங்கியது. மாசுக்கட்டுப்பாடு வாரியம் முடியாது என்றது. மாநில அரசோ 1997-ல் அந்த நிறுவனத்துக்கு மட்டும் விலக்கு கொடுத்து ஆணை போட்டது. உச்சநீதிமன்றம் 2000 டிசம்பர் 1-ம் தேதி அந்த விலக்கை ஏற்க முடியாது என்று சொல்லிவிட்டது. லட்சக்கணக்கானவர்கள் குடிக்கும் தண்ணீர் விஷயத்தில், ஒருவருக்காக வேலியைத் திறந்துவிடும் அதிகாரம் அரசுக்குக் கிடையாது. தன்னால் தண்ணீருக்குக் கெடுதல் வராது என்று நிரூபிக்கும் பொறுப்பும் தொழில் செய்ய வருகிறவருடையதுதான். கரையில் வசிப்பவர் சோதனைக்குழாயைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை.

மறுபடி நொய்யலுக்கு வருவோம். 2004 டிசம்பரில், 28,596 விவசாயிகளுக்குச் சுமார் 24.8 கோடி ரூபாய் இழப்பீடு என்று கணக்கிட்டது, சூழல் இழப்பு ஆணையம். பெரிய தொகையாகத் தெரிகிறதா? வகுத்துப் பாருங்கள். சராசரியாக ஒருவருக்கு 8,700 ரூபாய்கூட வரவில்லை. கிணறும் மண்ணும் போனதற்கு!

2006 டிசம்பர் 22. சென்னை உயர்நீதிமன்றத்தில், தலைமை நீதிபதி ஏ.பி.ஷா, நீதிபதி கே.சந்துரு அமர்வு. கழிவுநீர் ஒரு சொட்டுகூட வெளியே வராத நிலைக்கு 2007 ஜூலை 31-க்குள் மாற வேண்டும். அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் அபராதம். முதலில் ஆறு பைசா, பிறகு எட்டு, அதற்கப்புறம் பத்து. ஆறு பைசாவுக்கு ஒரு மிட்டாய்கூடக் கிடைக்காது. ஆனால், தினம் ஒரு லட்சம் லிட்டர் வெளியேற்றும் பட்டறைக்கு அது நாளொன்றுக்கு 6,000 ரூபாய். மாதத்துக்கு 1,80,000. ஆற்றை இலவசக் குப்பைத்தொட்டியாக வைத்திருந்தவர்களின் லாப நட்டக் கணக்கில் முதல்முறையாக 'ஆறு' என்று ஒரு செலவு ஏறியது.

பட்டறைக்காரர்கள் உச்சநீதிமன்றம் போனார்கள். 2009 அக்டோபரில் அங்கேயும் கிடைத்தது மூன்று மாத அவகாசம் மட்டும். அதற்குப் பிறகும் கழிவு நிற்கவில்லை. 2011 ஜனவரி 28-ம் தேதி, எல்லாச் சாயப்பட்டறைகளையும் மூடு, மின் இணைப்பைத் துண்டி என்று உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. பனியன் நகரமே மூச்சுத் திணறியது. தொழிலாளிகள் ஊர் திரும்பினார்கள். வங்கிக் கடன் வட்டி மட்டும் நிற்காமல் ஓடியது.

இவர்களை வில்லன்கள் ஆக்கிவிட்டுப் போவது சுலபம். பலர் விவசாயக் குடும்பத்திலிருந்து வந்தவர்கள்தான். அதே ஆற்றில் குளித்து வளர்ந்தவர்கள். இவர்களிடம் டி-ஷர்ட் வாங்கிய வெளிநாட்டுக் கம்பெனிகள் பைசா பைசாவாக விலையைக் குறைத்தன. உப்பைப் பிரிக்கிற செலவை விலையில் சேர்க்க முன்வரவில்லை. அந்தக் கணக்கு கடைசியில் ஒரத்துப்பாளையத்துக் கிணறுகளில் எழுதப்பட்டது.

பிறகு வழி பிறந்தது. எதிர் சவ்வூடு பரவல், ஆவியாக்கும் இயந்திரம், உப்பை மீட்டு மறுபடி சாயத்தொட்டிக்கே அனுப்பும் முறை எல்லாம் வந்தன. பட்டறைகள் திறந்தன. முடியவே முடியாது என்று பதினைந்து வருஷம் சொல்லப்பட்டது, முடிந்தது! ஆனாலும் பிரிக்க முடியாத கலப்பு உப்பு மூட்டைகள் கொட்டகைகளில் அடுக்கிக் கிடக்கின்றன. ஆற்றுக்குப் போகாதது எங்கேயாவது இருந்துதானே ஆக வேண்டும்?

இதெல்லாம் பட்டறைக்காரர்கள் கதை, நமக்கென்ன என்று நகர்ந்துவிட முடியாது. நம் வீட்டுக்குப் பின்னால் ஒரு செப்டிக் டேங்க் இருக்கிறதே!

செப்டிக் டேங்க் என்பது முழுச் சுத்திகரிப்பு நிலையம் கிடையாது. கசடு அடியில் தங்கும். மேலே தெளிந்து நிற்கும் தண்ணீர், உறிஞ்சுகுழி வழியாக மண்ணுக்குள் இறங்கும். மீதி வேலையை மண்தான் செய்ய வேண்டும். அதனால்தான் குடிநீர்க் கிணற்றுக்கும் உறிஞ்சுகுழிக்கும் நடுவே 18 மீட்டராவது இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர விதி. ஆற்றங்கரையில் நிலத்தடி நீர் மேலேயே நிற்கும். மண்ணுக்கு வடிகட்ட இடமும் கிடையாது, நேரமும் கிடையாது. தொட்டி நிறைந்தால் லாரியைக் கூப்பிடுகிறோம். அதைச் சுத்திகரிப்பு நிலையத்தில்தான் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும் என்று தமிழக அரசு 2014-ல் வழிமுறை வகுத்தது. நம் வீட்டுக்கு வந்த லாரி அங்கேதான் போனதா என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

ஆற்றோரமாக மனை வாங்கியவர் பிளான் அப்ரூவலுக்குப் போகும்போது கேட்பதும் அதே கேள்விதான். "ஏனுங்க, என்ற ஒத்தை வீட்டாலயா ஆறு கெட்டுப் போயிருமுங்க?"

அதிகாரியிடம் ஃபைல் ஒவ்வொன்றாகத்தான் வரும். ஆறு அப்படிப் பிரித்துப் பார்க்காது. எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டுதான் கீழே போகும். கீழே ஒருவர் கிணற்றில் வாளியை இறக்கிக்கொண்டிருப்பார்.