முள்கம்பி வேலியும் காவல் நாயும்

முள்வேலி என்றால் முன்பு நிஜ முள்தான். கெடார் போன்ற விழுப்புரம் மாவட்டத்துக் கிராமங்களில் கழனியைச் சுற்றிக் கள்ளி வளர்ப்பார்கள். கருவேல முள்ளை வெட்டி அடைப்பார்கள். புதர்போல நிற்கும் அந்த வேலி, ஓடிவரும் நாய்க்குத் தூரத்திலேயே தெரியும்.

1874-ல் அமெரிக்க விவசாயி ஜோசப் கிளிடன் தன் முள்கம்பிக்குக் காப்புரிமை பெற்றார். மரமும் கல்லும் கிடைக்காத புல்வெளிகளில் மலிவாக வேலி போட முடிந்தது. ஆனால் மெல்லிய கம்பி விலங்குகளின் கண்ணில் எளிதில் படவில்லை. சாலையோர முள்கம்பி மனிதரையோ விலங்கையோ காயப்படுத்தக்கூடும் என்றால் அதை அகற்றச் சொல்ல, பிரிட்டன் 1893-லேயே சட்டம் போட்டது.

கிடை காக்கும் நாய் நரியைத் துரத்தும்போது கம்பிக்கடியில் நுழையும், அல்லது தாவும். மார்பிலும் தொடை இடுக்கிலும் தோல் கிழியும். வெளியே சின்னக் கிழிசல்தான் தெரியும். உள்ளே தோல் சதையை விட்டுப் பிரிந்து, மண்ணும் முடியும் தங்கியிருக்கும். மஞ்சள் பூசி விட்டுவிட்டால் உள்ளே சீழ் பிடிக்கும். ஈ மொய்த்தால் புழு வைக்கும். சுத்தமான நீரில் கழுவி, ரத்தம் வந்தால் துணியால் அழுத்திக் கட்டி, அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கம்பியில் இடைவெளிவிட்டு வெள்ளைத் துணிக்கீற்றுகளைக் கட்டிவைத்தால், நாய்க்கு வேலி இருப்பது தெரியும். பழைய கள்ளிவேலி செலவில்லாமல் செய்த வேலை அது.