நெருப்பு இல்லாத எஞ்சின்: 30 கிராம் தள்ளுவிசையின் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்பதற்கு வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

இன்னைக்குக் கதையை எங்க ஊர்ல இருந்து ஆரம்பிக்கிறேன். பசுவந்தனை. கோவில்பட்டியில பஸ் ஏறினா வர்ற கரிசக்காட்டு ஊர்.

எங்க வட்டாரம் நெருப்புக்குப் பேர் போனது. கோவில்பட்டின்னாலே தீப்பெட்டிதானே! இன்னும் தெற்கே போனா மகேந்திரகிரி. இஸ்ரோ ராக்கெட் எஞ்சின்களைக் கட்டிப்போட்டு எரிச்சுப் பார்க்கிற இடம் அது. அங்க சோதிக்கப்படுற விகாஸ் எஞ்சின் கிட்டத்தட்ட 80 டன் எடையைத் தூக்குற அளவுக்குத் தள்ளும். அதனால ராக்கெட்டுன்னா நெருப்பு, புகை, இடி மாதிரி சத்தம், இதுதான் எங்க மனசுல பதிஞ்ச படம்.

இன்னைக்குப் பேசப்போறது இதுக்கு நேர் எதிரான ஒரு எஞ்சின். அதுல எதுவும் எரியாது, சத்தமும் கிடையாது. இஸ்ரோ உருவாக்கியிருக்கிற பெரிய வகையோட தள்ளுவிசையே 300 மில்லிநியூட்டன். அதாவது சுமார் 30 கிராம் எடை. ஒரு சின்னக் கடலை மிட்டாய்த் துண்டை உள்ளங்கையில வெச்சுப் பாருங்க, அவ்வளவுதான் அழுத்தம். இதுக்காக ஏன் இத்தனை நாடுகள் இத்தனை வருஷம் மெனக்கெட்டன?

சுமை எங்கே இருக்கு?

டிவி, இணையச் சேவை தர்ற பெரிய செயற்கைக்கோள்கள் பூமிக்கு மேல சுமார் 36,000 கி.மீ. உயரத்துல நிற்கணும். ராக்கெட் பெரும்பாலும் அதுவரைக்கும் கொண்டுபோய் விடாது. பாதி வழியில இறக்கிவிடும். மிச்சத்தைச் செயற்கைக்கோள் தன் சொந்த எரிபொருளை எரிச்சு ஏறணும். ஏறின பிறகும் சூரியனும் நிலாவும் அதை இழுத்துக்கிட்டே இருக்கும். அடிக்கடி தள்ளித் தள்ளி இடத்துல நிறுத்தணும். அதனால ஏவும்போது இருக்கிற எடையில ஏறக்குறைய பாதி எரிபொருள்தான். அது தீர்ந்துட்டா, உள்ளே இருக்கிற கருவிகள் நல்லா இருந்தாலும் செயற்கைக்கோளுக்கு ஓய்வுதான்.

இந்தச் சுமையைக் குறைக்க ஒரே வழி, வெளியே தள்ளுற பொருளை இன்னும் வேகமாகத் தள்ளுவது. செயற்கைக்கோள்ல எரிபொருளை எரிச்சா வாயு வினாடிக்குச் சுமார் 3 கி.மீ. வேகத்துல வெளியேறும். பிளாஸ்மா எஞ்சின்ல அது 15 கி.மீ.யைத் தாண்டும். நெருப்புக்குப் பதிலா மின்சாரம் தள்ளுறதுதான் காரணம்.

எப்படித் தள்ளுது? பீங்கான் மாதிரியான பொருள்ல செஞ்ச ஒரு வளையம். அதுக்குள்ள செனான் வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமா விடுவாங்க. காந்தப்புலம் எலெக்ட்ரான்களை வெளியே ஓடவிடாம வளையத்துக்குள்ளேயே சுத்தவைக்கும். அந்த எலெக்ட்ரான்கள் செனான் அணுக்கள் மேல மோதி, அவற்றை மின்னேற்றம் பெற்ற அயனிகளா மாத்தும். இந்தக் கலவைதான் பிளாஸ்மா. சில நூறு வோல்ட் மின்னழுத்தம் அயனிகளைப் பிடிச்சு வெளியே வீசும். பார்க்க நீல நிறத்துல ஒளிரும். இதுக்குப் பேர் ஹால் த்ரஸ்டர். 1879-ல் எட்வின் ஹால் கண்டுபிடிச்ச மின்காந்த விளைவோட பேர்தான் இதுக்கும்.

இப்போ அந்த 30 கிராமுக்கு வருவோம். 4 டன் எடையுள்ள ஒரு பொருளை, வேற எதுவும் இழுக்காத வெளியில இந்த எஞ்சின் தள்ளுதுன்னு வெச்சுக்கோங்க. ஒரு நாள் முழுக்கத் தள்ளினா மணிக்கு 23 கி.மீ. வேகம் வரும், சைக்கிள் வேகம். ஒரு மாசம் விடாம தள்ளினா மணிக்கு 700 கி.மீ. கரிசல்ல பருத்தி வளர்ற மாதிரிதான். பெய்ஞ்ச மழை நின்னுபோன பிறகும், மண்ணு பிடிச்சு வெச்ச ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சியே அது காய்க்கும்.

பழைய யோசனை, தாமதமான வரவு

இந்த யோசனை ராக்கெட் காலத்துக்கும் முந்தையது. அமெரிக்காவுல ராபர்ட் கோடார்டு 1906-லேயே தன் நோட்டுப் புத்தகத்துல இதைக் குறிச்சு வெச்சார். ரஷ்யாவுல சியோல்கோவ்ஸ்கி 1911-ல் எழுதினார். ஆனா விண்வெளியில முதல்ல ஓடிக் காட்டியது 1964 ஜூலை 20-ஆம் தேதி. நாசாவின் சர்ட்-1 அன்னைக்கு ரெண்டு அயனி எஞ்சின்களோடு போச்சு. ஒண்ணு கிளம்பவே இல்லை. இன்னொண்ணு 31 நிமிஷம் ஓடியது. அதே ஜூலை 20-ல், சரியா 5 வருஷம் கழிச்சு, மனிதர்கள் நிலாவுல இறங்கினாங்க. அந்தத் தேதியை உலகமே நினைவு வெச்சிருக்கு. 31 நிமிஷத்தை யார் நினைவு வெச்சிருக்கா?

ஹால் த்ரஸ்டரை வளர்த்தது சோவியத் ஒன்றியம். மாஸ்கோவில் அலெக்ஸி மொரோசோவின் குழு உருவாக்கிய த்ரஸ்டர், 1971 டிசம்பரில் ஏவப்பட்ட ஒரு மீட்டியார் வானிலைச் செயற்கைக்கோளில் பறந்தது. அமெரிக்கா இந்த வகையைக் கிட்டத்தட்டக் கைவிட்டிருந்தது. 1991-ல் அமெரிக்க நிபுணர்கள் நேரில் போய் ரஷ்ய எஞ்சின்களைச் சோதிச்ச பிறகுதான் அவங்க மனசு மாறியது. 2003-ல் ஐரோப்பாவின் ஸ்மார்ட்-1 கிளம்பி, முதன்மையா ஒரு ஹால் த்ரஸ்டரை நம்பியே நிலாவைச் சென்றடைந்தது. போய்ச் சேர 13 மாசத்துக்கு மேல ஆச்சு!

2010 ஏப்ரல் 15

இந்தியாவின் முறை வந்தது ஜிசாட்-4 செயற்கைக்கோளில். 4 ஹால் த்ரஸ்டர்கள். இந்தியாவில் உருவாக்கியவையும் அதில் இருந்தன. ஸ்ரீஹரிகோட்டாவில் சாயங்காலம் 4:27 மணிக்கு ஜி.எஸ்.எல்.வி. டி-3 கிளம்பியது. இந்தியாவே செய்த கிரையோஜெனிக் எஞ்சினுக்கும் அதுதான் முதல் பயணம்.

முதல் ரெண்டு அடுக்குகளும் ஒழுங்கா வேலை செஞ்சன. கிரையோஜெனிக் எஞ்சினும் பற்றியது. ஆனா திரவ ஹைட்ரஜனை உள்ளே தள்ளும் சிறு பம்ப் உடனே நின்னுபோச்சு. எஞ்சினுக்கு எரிபொருள் கிடைக்கலை. ராக்கெட்டோட ஜிசாட்-4-உம் கடலில் விழுந்தது.

இதுல எனக்கு வலிக்கிற இடம் ஒண்ணு இருக்கு. பிளாஸ்மா எஞ்சின் அன்னைக்குத் தோத்துப்போகலை. அதுக்கு ஓடவே வாய்ப்புக் கிடைக்கலை. அமைதியான எஞ்சின் தன்னை நிரூபிக்கணும்னா, சத்தம்போடுற எஞ்சின் முதல்ல அதை மேலே சேர்க்கணும். நம்ம கிரையோஜெனிக் எஞ்சின் 2014 ஜனவரி 5-ல்தான் வெற்றி பெற்றது. 2017 மே 5-ல் தெற்காசியச் செயற்கைக்கோள் எனப்படும் ஜிசாட்-9, மின்சார உந்துதலோடு மேலே போனது. இஸ்ரோவுக்கு அது முதல் வெற்றி. ஆனா அந்தத் த்ரஸ்டர்கள் ரஷ்யாவில் இருந்து வாங்கியவை.

ஏன் நாமே செய்யணும்?

காசும் சுதந்திரமும்தான் காரணம். நம்ம பெரிய ராக்கெட் அந்த உயரப் பாதைக்குச் சுமார் 4 டன்தான் கொண்டுபோகும். 2018-ல் 5,854 கிலோ ஜிசாட்-11 தென்னமெரிக்காவின் கூரூவில் இருந்து ஏரியான் ராக்கெட்டில் போச்சு. 2024 நவம்பரில் 4,700 கிலோ ஜிசாட்-என்2 அமெரிக்காவின் ஃபால்கன்-9-ல் போச்சு. இப்படிப்பட்ட செயற்கைக்கோள்ல டன் கணக்கான எரிபொருளை மின்சார உந்துதல் சில நூறு கிலோவாச் சுருக்கும். அப்போ இன்னொரு நாட்டு ராக்கெட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். ஆனா த்ரஸ்டரையே வெளியே வாங்கினா? ஒரு கதவைத் திறந்து இன்னொரு கதவுல போய் நின்ன கதைதான்.

2025 மார்ச்சில் இஸ்ரோ ஒரு செய்தி சொன்னது. நான் தொடக்கத்துல சொன்ன அந்த 300 மில்லிநியூட்டன் த்ரஸ்டர் 1,000 மணி நேரம் ஓடி முடிச்சிருக்கு. விண்வெளி மாதிரி வெற்றிடமாக்கின அறைக்குள்ள, 5.4 கிலோவாட் மின்சாரத்தில், அதாவது ஏழரை எச்.பி. பம்ப்செட் ஒண்ணு இழுக்கிற கரன்ட்டில். ஏன் இவ்வளவு நேரம்? வேகமா ஓடுற அயனிகள் பீங்கான் சுவரைக் கொஞ்சம் கொஞ்சமா அரிச்சுக்கிட்டே இருக்கும். மாசக்கணக்கில் தள்ள வேண்டிய எஞ்சின் அந்த அரிப்பைத் தாங்குதான்னு பார்த்தே ஆகணும். அதுக்குக் குறுக்குவழி கிடையாது. அடுத்து டி.டி.எஸ்.-1 என்ற செயற்கைக்கோளில் நம்ம த்ரஸ்டரைப் பறக்கவிடுவதுதான் திட்டம்.

எங்க தூத்துக்குடி மாவட்டத்திலேயே, குலசேகரப்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டினாங்க. அங்கிருந்து ராக்கெட் கிளம்புற நாள்ல எங்க ஊர்க்காரங்க மாடியேறித் தெற்கே பார்ப்பாங்க. நானும் நிப்பேன். அந்த நெருப்பு சில நிமிஷத்துல அணைஞ்சிடும். மேலே போனது பல வருஷம் நிலைச்சு நிற்குமான்னு முடிவு பண்றது அதுக்கு அப்புறம் நடக்கிற வேலை. அதைப் பார்க்க எந்த மாடியும் பத்தாது.