வீடு காலி பண்றப்போ தொல்லையா? 24 மணி நேரத்துக்கு முன்பே ஓனர் எழுதித் தரணும்!

காங்கேயம்: "அடுத்த மாசம் காலி பண்றோம்" என்று வாடகைக்கு இருப்பவர் சொன்ன மறுநாளே வாசலில் டூலெட் போர்டு தொங்க ஆரம்பித்து விடும். அப்புறம் புரோக்கர், வீடு பார்க்க வருபவர்கள், அவர்களின் சொந்தக்காரர்கள் என்று வரிசை கட்டுவார்கள்.

காங்கேயம் அரிசி ஆலை, எண்ணெய் ஆலை, திருப்பூர் பனியன் கம்பெனி என ஷிப்டு வேலைக்கு ஓடும் குடும்பங்களுக்கு இது பெரிய தலைவலி. நைட் ஷிப்டு முடிந்து பகலில் படுத்தவர் எழுந்து வந்து கதவைத் திறக்க வேண்டும். லைன் வீடு என்றால் அடுப்பு, பீரோ, படுக்கை எல்லாம் ஒரே ரூமில்தான். வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் டூப்ளிகேட் சாவி போட்டுத் திறந்து காட்டும் ஓனர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள்.

அப்படித் திறக்க ஓனருக்கு உரிமை இல்லை. 1960-ம் ஆண்டு வாடகைச் சட்டத்துக்குப் பதிலாக, 2017-ல் தமிழக அரசு புதுச் சட்டம் கொண்டு வந்தது. 2019 பிப்ரவரி 22-ந் தேதி அது அமலுக்கு வந்தது. அதன் 17-வது பிரிவுப்படி, வீட்டுக்குள் வருவதற்கு குறைந்தது 24 மணி நேரம் முன்பே ஓனர் எழுத்து மூலம் தகவல் தர வேண்டும். எதற்காக வருகிறார், எந்த நாள், எத்தனை மணிக்கு என்பதும் அதில் இருக்க வேண்டும். காலை 7 மணிக்கு முன்போ, இரவு 8 மணிக்குப் பிறகோ வரக்கூடாது.

காரணமும் சும்மா இருக்கக்கூடாது. ரிப்பேர் வேலை, வீடு குடியிருக்கத் தகுந்த நிலையில் இருக்கிறதா என்ற பரிசோதனை, இல்லாவிட்டால் அக்ரிமெண்டில் எழுதியிருக்கும் நியாயமான வேறு காரணம். இவ்வளவுதான். புது ஆளுக்கு வீடு காட்டுவது என்று இதில் தனியாக எதுவும் இல்லை. அதனால் அக்ரிமெண்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் பேச்சு.

அங்கேதான் சிக்கலே. பாதி வீடுகளில் வாய்ப்பேச்சுதான், பேப்பரே கிடையாது. 11 மாச அக்ரிமெண்ட் என்றால் பதிவு தேவையில்லை என்ற நினைப்பும் இருக்கிறது. ஆனால் இந்தச் சட்டப்படி எத்தனை மாசமானாலும் எழுதி, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். அக்ரிமெண்ட் போடாததையே காரணம் காட்டி காலி செய்யச் சொல்லி ஓனர் மனு போடவும் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆகவே பேப்பர் இல்லாதது குடியிருப்பவருக்குத்தான் அதிக நஷ்டம்.

ஓனர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு மாசம் வீடு பூட்டிக் கிடந்தால் ஒரு மாச வாடகை போச்சு. ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம், வீட்டு ஆள் இருக்கும்போது மட்டும் என்று முதலிலேயே பேசி எழுதிக் கொண்டால் இரண்டு பேருக்கும் சண்டை இல்லை.

பலர் வாய் திறக்காததற்குக் காரணம் அட்வான்ஸ் பணம். "வீடு காட்ட விடலைன்னா அட்வான்ஸில் கழிச்சிக்குவேன்", "அடுத்த ஆள் வந்தாத்தான் பணம்" என்று சொல்லும் ஓனர்கள் உண்டு. 11-வது பிரிவு வேறு மாதிரி சொல்கிறது. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாச வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது. குடியிருந்தவர் தர வேண்டிய பாக்கியை மட்டும் கழித்துவிட்டு, காலி செய்த ஒரு மாசத்துக்குள் மீதியைத் திருப்பித் தர வேண்டும். அடுத்த ஆள் வந்தாரா இல்லையா என்பது கணக்கிலேயே வராது.

கோபத்தில் தண்ணீர், கரண்டை கட் பண்ணுவதும் 20-வது பிரிவுப்படி தப்பு. இதற்கு வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். துணை கலெக்டர் அந்தஸ்துக்குக் குறையாதவரை கலெக்டர் இந்தப் பொறுப்பில் நியமிப்பார். மனுவோடு அக்ரிமெண்ட், வாடகை கொடுத்த ரசீது அல்லது ஜிபே விவரம், சாவி ஒப்படைத்த அன்று எடுத்த வீட்டு போட்டோக்கள் இருந்தால் நல்லது.