இடைவாரும் இரும்புச் சங்கிலியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் பெண்களுக்கு வாய்த்த வேலை பெரும்பாலும் இழுப்பதும் சுமப்பதும்தான். யார்க்‌ஷயர், லங்காஷயர் பகுதிகளில், நிமிர்ந்து நிற்க இடமில்லாத தாழ்ந்த குடைவழிகளில், இடுப்பில் கட்டிய தோல்வாரிலிருந்து இரு கால்களுக்கும் நடுவே செல்லும் சங்கிலியைக் கரிவண்டியில் மாட்டிக்கொண்டு, கைகளை ஊன்றித் தவழ்ந்தே அதை அவர்கள் இழுத்தனர். கிழக்கு ஸ்காட்லாந்தில் ‘பேரர்’ (சுமப்பவர்) எனப்பட்ட பெண்கள், கரிக்கூடையை முதுகில் ஏற்றி, அதன் வாரை நெற்றியில் தாங்கி, செங்குத்தான ஏணிகளின் வழியே மேலே கொண்டுவந்தனர். பதினொரு வயதுச் சிறுமியொருத்தி சுமார் 50 கிலோ சுமந்ததை விசாரணைக் குறிப்பொன்று பதிவுசெய்கிறது. கரியை வெட்டியவர் தந்தையாகவோ கணவராகவோ இருந்து, கூலியும் பெரும்பாலும் அவர் கைக்கே சென்றதால், இவ்வுழைப்பு கணக்கேடுகளில் தனியே தென்படுவது அரிது.

1838ஆம் ஆண்டு ஜூலை 4 அன்று யார்க்‌ஷயரின் சில்க்ஸ்டன் என்னும் ஊரருகே, இடிமழையின்போது ஹஸ்கர் சுரங்கத்திலிருந்து சாய்வழி ஒன்றின் மூலம் வெளியேற முயன்ற 26 பிள்ளைகள், பெருக்கெடுத்த ஓடைநீர் உள்ளே பாய்ந்ததில் மூழ்கி இறந்தனர். அவர்களுள் 11 பேர் சிறுமியர். இதனால் எழுந்த கலக்கமும் சீர்திருத்தவாதியான நாடாளுமன்ற உறுப்பினர் ஆஷ்லி பிரபுவின் முயற்சியும் 1840இல் ஓர் அரசு விசாரணைக் குழு அமையக் காரணமாயின. அக்குழு 1842இல் வெளியிட்ட அறிக்கையில், வழக்கத்துக்கு மாறாகப் படங்களும் இடம்பெற்றன. நாடாளுமன்றத்தையும் நடுத்தர வர்க்கத்தையும் உலுக்கியது சுரங்கத்தின் ஆபத்தைவிட அரையாடையில் ஆண்களோடு வேலைசெய்த பெண்ணின் உருவமே என்று கொள்வதற்கு அவ்விவாதங்கள் போதிய இடம் தருகின்றன. அதே ஆண்டு நிறைவேறிய சட்டம் எல்லாப் பெண்களையும், பத்து வயதுக்குட்பட்ட சிறுவர்களையும் நிலத்தடி வேலையிலிருந்து விலக்கியது. ஆனால் சுரங்கத்தைப் பாதுகாப்பானதாக்க அது பெரிதாக ஏதும் செய்யவில்லை. நாடு முழுவதற்கும் நியமிக்கப்பட்ட கண்காணிப்பாளர் ஒருவரே. வேலையிழந்த பெண்களுக்கு மாற்றுக்கூலி எதுவும் வழங்கப்படவில்லை. சிலர் ஆணுடை அணிந்து மீண்டும் உள்ளே இறங்கினர்.

புனைவு இப்பெண்களைக் கண்டுகொண்டது பிற்பாடுதான். பிரான்சில் 1874ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களை நிலத்தடியிலிருந்து விலக்கிய பத்தாண்டுகளுக்குப் பின், அன்சான் சுரங்கப் பகுதியில் வேலைநிறுத்தம் நடந்தபோது நேரில் சென்று பார்த்த எமில் ஸோலா, 1885இல் நூலாக வந்த ‘ஜெர்மினால்’ நாவலின் கதையை 1860களுக்கு நகர்த்தி வைத்தார். கரிவண்டி தள்ளும் கேத்தரீனை அதனால்தான் அவரால் சுரங்கத்துக்குள் இறக்க முடிந்தது. வெள்ளம் புகுந்த சுரங்கத்தில் அடைபட்டு அவள் இறக்கிறாள். பிரான்சஸ் ஹாட்ஜ்சன் பர்னெட் 1877இல் வெளியிட்ட ‘தட் லாஸ் ஓ’ லௌரீஸ்’ நாவலோ லங்காஷயரின் சுரங்கவாயிலில், அதாவது மேல்தளத்தில், வேலைசெய்யும் ஜோன் லௌரியைத் தலைவியாகக் கொண்டது. பிரிட்டனில் 1842ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் பெண்களுக்கு எஞ்சியிருந்த வேலை அதுவே: கரியைச் சலிப்பது, கல்லைப் பொறுக்கி நீக்குவது, வண்டிகளைக் கவிழ்ப்பது. லங்காஷயரின் விகன் பகுதிப் பெண்கள் இதற்குக் காற்சட்டை அணிந்ததும் ஒழுக்கக்கேடாகவே பேசப்பட்டது. அவ்வேலையையும் தடைசெய்யும் முயற்சி எழுந்தபோது, 1887இல் அப்பெண்கள் லண்டனுக்குச் சென்று உள்துறை அமைச்சரைச் சந்தித்து எதிர்ப்புத் தெரிவித்தனர், தடை வரவில்லை. அவர்களின் துயரைத் தீட்டிய நாவல்களைக் காட்டிலும், பிழைப்பைக் காக்க அவர்களே மேற்கொண்ட இப்பயணம் வரலாற்றாசிரியருக்குக் கூடுதலாகச் சொல்கிறது.

பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த இந்தியாவின் ஜரியா, ராணிகஞ்ச் நிலக்கரிச் சுரங்கங்களிலும் கணவர் கரி வெட்ட, ‘காமின்’ எனப்பட்ட மனைவி கூடையில் அள்ளிச் சுமந்தாள். காலனிய அரசின் 1929ஆம் ஆண்டு விதிகள் பெண்களின் நிலத்தடி வேலையைப் படிப்படியாகக் குறைத்து 1930களின் இறுதியில் நிறுத்தின. ஆயினும் இரண்டாம் உலகப் போரில் கரியும் ஆட்களும் பற்றாக்குறையானபோது, 1943இல் அதே அரசு தடையை விலக்கிப் பெண்களை மீண்டும் கீழே அனுப்பியது. 1946இல் தடை திரும்பியது. பெண்ணைக் காப்பதற்கென்று சொல்லப்பட்ட ஒரு விதி, கரியின் தேவைக்கு முன் எவ்வளவு எளிதில் வளைந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் அத்தடையை உறுதிப்படுத்தியது. 2019இல் இந்திய அரசு தொழில்நுட்பம், மேற்பார்வை, நிர்வாகம் ஆகிய பணிகளுக்கு மட்டும், அதுவும் காலை 6 மணி முதல் மாலை 7 மணி வரை, பெண்களை நிலத்தடிக்கு அனுமதித்தது. கூடை சுமந்தவர்களின் வேலை அவ்வனுமதியில் அடங்கவில்லை.